ஞானப்பல்லும் பல் சீரமைப்பும்

மனிதனுக்கு அமைந்துள்ள 32 நிலைப்பற்களுள் இறுதியாக முளைப்பவை, இரு தாடைகளின் கோடிகளிலும் அமையும் மூன்றாம் கடைவாய்ப்பற்கள் நான்கும் ஆகும். பெரும்பாலும் 17 முதல் 25 வயதிற்குள், அறிவு முதிரும் பருவத்தில் வெளிப்படுவதால் இவை ஞானப்பல் என வழங்கப்படுகின்றன. எல்லோருக்கும் இவை நான்கும் தோன்றுவதில்லை. சிலருக்கு ஒன்றோ இரண்டோ உருவாவதே இல்லை; வேறு சிலருக்குத் தாடையில் இடம் போதாமையால் பல் சாய்ந்து எலும்பினுள் புதைந்துவிடுகின்றது.

ஞானப்பல் முளைக்கும் இதே வயதில், கீழ்த்தாடையின் முன்பற்கள் சிறிது சிறிதாக நெருங்கி வரிசை தவறுவதும் பலரிடம் காணப்படுகின்றது. இரண்டும் ஒரே காலத்தில் நேர்வதால், பின்னால் முளைக்கும் பல்லே முன்பற்களை நெருக்கித் தள்ளுகின்றது என்ற எண்ணம் நெடுங்காலமாக நிலவி வருகின்றது. கம்பி கட்டிப் பல்லைச் சீர்செய்துகொண்டவர்கள், அவ்வொழுங்கு குலைந்துவிடும் என அஞ்சி, நோவற்ற ஞானப்பல்லையும் பிடுங்கிக்கொள்ள முற்படுவது இதனாலேயே.

ஆராய்ச்சி இவ்வெண்ணத்தை உறுதிப்படுத்தவில்லை. பிரிட்டனில் பல் சீரமைப்புச் சிகிச்சை முடித்தவர்களை, ஞானப்பல் அகற்றப்பட்டோர், அகற்றப்படாதோர் என இரு பிரிவாக்கி, ஐந்து ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின் அவர்தம் பல்வரிசையை அளந்து ஒப்பிட்டனர். முன்பல் நெரிசலைத் தடுப்பதற்கென்றே ஞானப்பல்லை அகற்றுதல் தக்கதன்று என்பது 1998-இல் வெளியான அவ்வாராய்ச்சியின் முடிவு. நோயற்ற புதைந்த ஞானப்பல்லை முன்னெச்சரிக்கையாக அகற்றும் வழக்கத்தைக் கைவிடுமாறு, நைஸ் எனப்படும் பிரிட்டனின் மருத்துவ நெறிமுறை நிறுவனமும் 2000-இல் அறிவுறுத்தியது.

அவ்வாறாயின் முன்பற்கள் நெருங்குவது ஏன்? பற்கள் வாழ்நாள் முழுவதும் சிறுகச் சிறுக முன்னோக்கி நகரும் இயல்புடையன. கீழ்த்தாடை மேல்தாடையைவிடச் சற்று நீண்ட காலம் வளர்கின்றது. இவற்றால் பல்வளைவு நாளடைவில் குறுகுகின்றது. ஞானப்பல்லே இல்லாதவர்க்கும் இந்நெரிசல் ஏற்படுவதுண்டு. ஆகவே, சீரமைத்த பற்களைக் காப்பது, ரிடெய்னர் என்னும் தக்கவைப்புக் கருவியை மருத்துவர் கூறிய காலம்வரை தவறாது அணிவதே.

எனினும், ஞானப்பல்லைச் சீரமைப்பு மருத்துவர் புறக்கணிப்பதில்லை. கடைவாய்ப்பற்களைப் பின்னோக்கி நகர்த்த வேண்டியபோதும், தாடையில் அறுவைச் சிகிச்சை செய்யவிருக்கும்போதும், இரண்டாம் கடைவாய்ப்பல் முளைக்க வழியின்றித் தடைப்படும்போதும் அதனை அகற்ற நேரலாம். அடிக்கடி ஈறு வீங்குதல், சீழ் கட்டுதல், அடுத்த பல் சிதைதல், நீர்க்கட்டி தோன்றுதல் ஆகியனவும் தக்க காரணங்களே. எக்ஸ்ரே படம் கண்ட பின்னரே இதனை முடிவு செய்ய இயலும்.

மும்பையில் தமிழர் மிகுதியாக வாழும் தாராவி, மாதுங்கா, செம்பூர் ஆகிய பகுதிகளில் பணிபுரிவோர் இதனை மக்களுக்கு எடுத்துரைத்தல் நலம். நாட்கூலியால் வாழும் குடும்பத்திற்குத் தேவையற்ற அறுவைச் சிகிச்சை, கட்டணத்தோடு சில நாள் ஊதியத்தையும் இழக்கச் செய்வதாகும். மேலும், கீழ் ஞானப்பல்லின் அருகே நரம்புகள் செல்வதால், அதனை அகற்றியபின் சிலருக்கு உதடோ நாக்கோ மரத்துப்போதலும் உண்டு. ஐயமுற்றோரைத் தாராவியை அடுத்த சயான் மாநகராட்சி மருத்துவமனைக்கோ, மும்பை சென்ட்ரலில் 1933-இல் தோன்றிய நாயர் பல் மருத்துவக் கல்லூரிக்கோ அனுப்பலாம். பாக்கு, குட்கா மெல்லுவோருக்கு வாய் திறப்பு நாளுக்கு நாள் குறுகுமாயின், அதனை ஞானப்பல்லின் கோளாறெனக் கருதி வாளாவிருத்தல் கூடாது. அது புற்றுநோயாக மாறக்கூடிய நிலையின் அறிகுறியாகலாம்.

ஆசிரியர்கள் கவனிக்க வேண்டியது மற்றொன்று உண்டு. 6 வயதில் முளைக்கும் முதல் கடைவாய்ப்பல்லைப் பால்பல் என்றெண்ணிப் பெற்றோர் பேணாது விடுகின்றனர். அது சொத்தையாகி இழக்கப்பட்டால், சில வேளைகளில் பின்னுள்ள பற்களை முன்னே நகர்த்தி அவ்விடத்தை நிரப்பச் சீரமைப்பு மருத்துவரால் இயலும். அப்போது பயன்படுவது ஞானப்பல்லே. நோயற்ற ஞானப்பல்லை அவசரப்பட்டு இழந்தவர்க்கு இவ்வாய்ப்பு இல்லை.