வாலை மறந்தவர்

குர்துபா நகரத்து அறிஞர் அப்பாஸ் இப்னு பிர்னாஸ் சிறகு கட்டிக்கொண்டு பறந்தார் என்று நம் பிள்ளைகளிடம் பெருமையோடு சொல்கிறோம். 9ஆம் நூற்றாண்டில் நடந்ததாகக் கூறப்படும் அந்நிகழ்ச்சியை 17ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் அல்மக்கரீ எழுதி வைத்துள்ளார். அதன் பிற்பகுதியை மட்டும் நாம் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். நெடுந்தொலைவு பறந்தவர் இறங்கும்போது முதுகில் அடிபட்டார். பறவைகள் வாலின் துணையால்தான் இறங்குகின்றன என்பதை அறியாமல், வால் அமைக்க மறந்துவிட்டார் என்பதே அது.

வாலின் அருமையை எனக்கு உணர்த்தியது என் மகனின் விளையாட்டு விமானம்.

விடுமுறையில் அவன், கையால் எறிந்து பறக்கவிடும் கிளைடர் ஒன்று செய்ய விரும்பினான். அதற்கு எஞ்சின் இல்லை. பால்ஸா மரப் பலகையே மூலப்பொருள். அது தென்னமெரிக்காவின் ஈக்வடார் நாட்டில் மிகுதியாக வளர்க்கப்படும் மரம்; ஸ்பானிய மொழியில் ‘பால்ஸா’ என்றால் தெப்பம். நம் நெட்டியைப் போல் இலேசானது. நகம் பட்டால் பள்ளம் விழும். விலைதான் இலேசாக இல்லை. 3 மில்லிமீட்டர் கனத்தில் ஒன்றும் ஒன்றரை மில்லிமீட்டர் கனத்தில் ஒன்றுமாக இரண்டே பலகைகள் வாங்கித் தந்து, “உடைத்தால் வேறு கிடையாது” என்றும் எச்சரித்தேன்.

இறக்கை 18 அங்குல நீளம், 3 அங்குல அகலம். மரத்தின் இழை இறக்கையின் நீளவாட்டிலேயே ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் எளிதில் முறிந்துவிடும். உப்புத்தாளால் தேய்த்து முன்விளிம்பை உருட்டி, பின்விளிம்பை மெல்லியதாக்கினான். பிறகு நடுவே அறுத்து, இரு நுனிகளும் ஒன்றரை அங்குலம் உயர்ந்து நிற்கும்படி பசையால் ஒட்டினான். ஒரு பக்கம் சாய்ந்தாலும் தானே நிமிர்வதற்கு இந்த உயர்வு தேவை. உடலுக்கு 15 அங்குலக் குச்சி. அதன் கடைசியில் மெல்லிய பலகையில் வெட்டிய கிடைவாலும் நெடுவாலும்.

அஸருக்குப் பின் திடலுக்குச் சென்றோம். “பலமாக எறி!” என்று சொன்னவன் நானே. அது செங்குத்தாக ஏறி, ஒரு கணம் நின்று, மூக்குக் குப்புற விழுந்தது. வலது இறக்கை முறிந்தது. மகன் என்னைப் பார்க்கவில்லை. துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு நடந்தான்.

அன்றிரவு அவன் பசை தடவிக்கொண்டிருந்தபோது நான் புத்தகம் புரட்டினேன். இங்கிலாந்தின் யார்க்ஷயரைச் சேர்ந்த ஜார்ஜ் கேய்லி 1804இல் ஒரு சாதாரணப் பட்டத்தைக் குச்சியின் மேல் இறக்கையாகப் பொருத்தி, சிறிய கிளைடர் செய்திருக்கிறார். விரும்பிய கோணத்தில் திருப்பக்கூடிய வாலும், நகர்த்தி வைக்கக்கூடிய எடையும் அதில் இருந்தன. எறியும் பலத்தை நம்பாமல் சமநிலையை நம்பியவர் அவர்.

இறக்கையின் முன்விளிம்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி, அடிப்புறத்தில் இரு விரல் நுனிகளால் தாங்கினோம். வால் தொங்கியது. விமானம் தராசுபோல் நிற்கும்வரை மூக்கில் களிமண் அப்பினான்.

காற்று அடங்கியிருக்கும் நேரம் என்பதால் மறுநாள் சுபுஹு தொழுதவுடன் புறப்பட்டோம். அவன் தங்கையும் வந்தாள். தோள் உயரத்தில் மட்டமாகப் பிடித்து, மெல்லத் தள்ளிவிட்டான். மேலெழுந்து தயங்கி விழுந்தால் மூக்கில் கடுகளவு களிமண் கூடும். நேராகத் தரையை நோக்கிப் பாய்ந்தால் கிடைவாலின் பின்விளிம்பில் வாயால் ஆவி ஊதி, இம்மியளவு மேலே வளைக்க வேண்டும். ஒரு முறைக்கு ஒரு மாற்றம்தான். இரண்டைச் சேர்த்துச் செய்தால் எது பலித்தது என்று தெரியாது. தங்கை எண்ணிக்கொண்டே வந்தாள்.

ஒன்பதாம் முறை விமானம் அவன் கையிலிருந்து வழுக்கிச் சென்றது. எழவுமில்லை, விழவுமில்லை. இருபது தப்படி கடந்து, பனி படிந்த புல்லில் வயிறு பட அமர்ந்தது. ஒட்டுப்போட்ட இறக்கைக்கு ஒன்றும் ஆகவில்லை.

அவன் ஓடிப்போய் எடுத்துவந்து என் கையில் தந்தான்.

“இப்போது நீங்கள் விடுங்கள், வாப்பா. பலமாக வேண்டாம்” என்றான்.