பருக் கிருமி எலும்புக்குள் போகும், தெரியுமா?

பதின்ம வயதில் கண்ணாடி முன் நின்று கிள்ளினோமே பரு, அதன் கிருமி அறுபது வயதில் தோள்மூட்டில் போய் உட்காரும், தெரியுமா? பெயர் கூட்டிபாக்டீரியம் ஆக்னிஸ்! நம் எல்லோர் தோலிலும், எண்ணெய்ச் சுரப்பிகளின் ஆழத்தில் குடியிருக்கிறது. தோளிலும் முதுகிலும் ஏராளம், ஆண்களுக்கு இன்னும் கூடுதல். செயற்கைத் தோள்மூட்டு பொருத்தும் அறுவைக்கு முன் தோலை எத்தனை முறை துடைத்தாலும் அடியில் இருப்பது தப்பிவிடும். கத்தி இறங்கும்போது கூடவே இறங்கும்!

இறங்கிய கையோடு வேலையைக் காட்டுமா? அதுதான் இல்லை. உலோக மூட்டில் ஒட்டிக்கொண்டு, மேலே ஒரு படலத்தைப் போர்த்திக்கொண்டு, மாதக்கணக்கில், சமயத்தில் வருடக்கணக்கில் கிடக்கும். பெரும்பாலும் காய்ச்சல் வராது, வீக்கம் இராது. ரத்தப் பரிசோதனைகூடப் பல நேரம் சரியாகவே வரும். தோள் இறுகும், வலிக்கும், அவ்வளவுதான். "வயசாச்சுல்ல" என்று கோடாலித் தைலம் தேய்த்துக்கொண்டிருப்போம்; உள்ளே எலும்பு அரிபட்டு மூட்டு ஆடத் தொடங்கியிருக்கும்! ஆய்வகத்திலும் இதற்கு அவசரமே கிடையாது. மற்ற கிருமிகள் பல ஓரிரு நாளில் வளர்ந்து நிற்க, இது தலைகாட்ட 14 நாள்வரைகூடக் காத்திருக்க வேண்டும்.

செயற்கைத் தோள்மூட்டின் கதையே தொற்றில்தான் தொடங்குகிறது! 1893இல் பாரிஸ் மருத்துவர் ஷூல் எமில் பெயான், காசநோய் அரித்த தோளொன்றில் பிளாட்டினமும் ரப்பரும் சேர்ந்த மூட்டைப் பொருத்தினார். அதைச் செய்து கொடுத்தவர் யார்? ஒரு பல் மருத்துவர்! இரண்டே வருடத்தில் கழற்ற வேண்டியதாயிற்று. காரணம், விடாத தொற்று.

இன்றும் பல சமயம் மூட்டைக் கழற்றி, எலும்பைச் சுரண்டி, வாரக்கணக்கில் ஆன்டிபயாட்டிக் ஏற்றுகிறார்கள். அதை ஏற்றும் கேனுலா குழாய் எங்கே செய்ததாம்? நம் பினாங்கு பாயான் லெப்பாஸில் செய்ததாகவும் இருக்கலாம்! ஜெர்மனியின் மருத்துவக் கருவி நிறுவனம் பி. பிரவுன் 1972இலேயே இங்கே வந்துவிட்டது. ஊசியும் எல்லாருக்கும் கட்டாயமில்லை: எலும்பு, மூட்டுத் தொற்றுக்கு முதல் ஆறு வாரம் மாத்திரையும் ஊசிக்குச் சளைத்ததல்ல என்று பிரிட்டனில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வு 2019இல் காட்டியது.

தோள் அறுவைக்கு முன் இந்தக் கிருமியின் எண்ணிக்கையைக் குறைக்கச் சில மருத்துவர்கள் பூசச் சொல்வது என்ன தெரியுமா? பென்சாயில் பெராக்ஸைடு. அதேதான், பருக் களிம்பு! பூசிய பிறகு பழைய சட்டையாகப் பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள், சாயத்தை வெளுத்துவிடும்.