காற்றில் நிற்கும் கார்

காரின் உடலைச் சக்கரங்களின் மேல் தாங்கி, பாதையின் குலுக்கலைத் தணிக்கும் அமைப்புக்குச் சஸ்பென்ஷன் என்று பெயர். பெரும்பாலான கார்களில் எஃகு வில்லே இவ்வேலையைச் செய்கிறது. அமெரிக்காவில் 1984ஆம் ஆண்டு மாதிரியாக வந்த லிங்கன் மார்க் செவன் காரிலோ, நான்கு சக்கரங்களுக்கும் ரப்பர்க் காற்றுப் பைகளை அமைத்தார்கள். உடலின் உயரத்தை அளக்கும் கருவிகள் மூன்று. அவை தரும் செய்தியைக் கேட்டு ஆணையிடும் மின்னணுப் பெட்டி ஒன்று. ஆட்கள் ஏறி உடல் தாழ்ந்தால் கம்பிரஸர் ஓடிக் காற்றை நிரப்பும். அவர்கள் இறங்கினால் வால்வு திறந்து மிகைக் காற்றை வெளியேற்றும்.

ஆனால் ரப்பருக்கும் மூப்பு உண்டு. ஓயாது மடிந்து விரியும் இடத்தில் நுண்ணிய வெடிப்புகள் தோன்றும். இரவில் நிமிர்ந்து நின்ற கார், விடியற்காலையில் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். என்ஜினை இயக்கியதும் கம்பிரஸர் அதைத் தூக்கி நிறுத்திவிடுவதால், உரியவர் கவலையின்றி ஓட்டிச் செல்வார். சிறிது சிறிது நேரமே ஓடுவதற்கென்று அமைந்த அந்தக் கம்பிரஸர், கசிவை ஈடு செய்ய நெடுநேரம் ஓடிச் சூடேறித் தேயும். காற்றின் ஈரத்தை உறிஞ்சும் மருந்தும் வலுவிழக்கும். நீர் வால்வுகளுக்குள் புகும். ஒருநாள் கம்பிரஸர் நின்றுவிடும். உடனே புதியது வாங்கிப் பூட்டுவார்கள். குற்றவாளி பை; தண்டனை பெற்றது கம்பிரஸர்! பையை மாற்றாவிட்டால் புதியதற்கும் அதே கதிதான்.

ஓட்டையை அடைக்காமலே சைக்கிள் டியூபுக்குக் காற்றடித்துக் கை சலித்த பையன்களை என் பள்ளியில் கண்டிருக்கிறேன். இங்கும் சைக்கிள் கடைக்காரர் முறையே போதும்: பையின் மீதும் குழாய் இணைப்புகளின் மீதும் சோப்பு நீரைத் தடவினால், கசியும் இடத்தில் குமிழி எழும்.

பழுது பார்க்கையில் ஒன்றை மறத்தலாகாது. பின்புறச் சாமான் அறையிலுள்ள ஏர் சஸ்பென்ஷன் ஸ்விட்சை அணைத்த பின்னரே காரை ஜாக்கியில் தூக்க வேண்டும். இல்லையேல், பெட்டி தன் போக்கில் பைகளை நிரப்பவோ வடிக்கவோ தொடங்கி, வண்டி ஆடி இடம் பெயரலாம். அடியில் கிடப்பவன் உயிருக்கே அபாயம். ஜாக்கியை மட்டும் நம்பாமல் உறுதியான தாங்கிகளின் மேல் வண்டியை நிறுத்தி, பையிலுள்ள காற்றை முற்றும் இறக்கிய பின்னரே அதைக் கழற்ற வேண்டும்.

இத்தொல்லை வேண்டாமென்று பைகளை எடுத்தெறிந்துவிட்டு எஃகுச் சுருள்வில்களைப் பூட்டியவர் பலர். பழங்காரை ஓடும் நிலையில் வைத்திருக்க விரும்புவோரை நான் குறை கூறேன். செலவும் மிச்சமே. ஆனால் பின்னிருக்கையில் மூவர் ஏறி அமர்ந்தால், அந்தக் கார் முன்போலத் தானே நிமிர்ந்து நிற்காது.