டன்னுக்கு மூன்றரை ரூபாய்

தூத்துக்குடியிலிருந்து ஆறுமுகநேரி போகிற வழியெல்லாம் உப்பு அம்பாரங்கள்தான். உப்பு வரி காந்தியோடு முடிஞ்ச கதைன்னுதான் பலரும் நினைக்கிறோம். ஆனால் அந்த உப்புக்கு 2016 வரை மத்திய அரசு ஒரு செஸ் வாங்கிக்கொண்டிருந்தது.

1930-ல் தண்டியிலும் வேதாரண்யத்திலும் எதிர்த்த வரி, மணங்குக்கு ஒன்றேகால் ரூபாய். 1947 ஏப்ரல் 1 முதல் அது போனது. ஆனால் உப்பளங்களைக் கண்காணிக்க வளர்ந்த இலாகா போகவில்லை. அதன் செலவுக்குப் பணம் வேண்டுமே? 1953-ல் உப்பு செஸ் சட்டம் வந்தது. உப்பு இலாகாவின் செலவு, ஆராய்ச்சி, தொழிலாளர் நலன் ஆகியவற்றுக்குத்தான் இந்தப் பணம் என்றது சட்டம்.

செஸ் எவ்வளவு? 40 கிலோவுக்கு 14 காசு. டன்னுக்கு 3 ரூபாய் 50 காசு. 10 டன் லாரிக்கு 35 ரூபாய். நாடு முழுக்க 2 கோடி டன்னுக்கு ஒரு காசு விடாமல் வசூலித்தாலும் 7 கோடி ரூபாய்தான் வரும்.

சிக்கல் இங்கேதான். 35 ரூபாயைக் கணக்கு எழுதவும் சரிபார்க்கவும் ஆகிற வேலை, 35,000 ரூபாய்க்கு ஆகிற அதே வேலை. சதவீதமாக வைத்திருந்தால் உப்பு விலையோடு செஸ்ஸும் ஏறியிருக்கும். சட்டத்தில் காசுக் கணக்காக எழுதிவிட்டதால் விலைவாசி அதைத் தின்றுவிட்டது. தொழிலாளர் நலனுக்கு என்று சொன்ன பணம் இப்படிச் சுருங்கிப்போனால், வெயிலில் உப்பு வாருகிறவருக்கு என்ன மிஞ்சும்? 1996-ல் உப்பு உற்பத்திக்கான உரிமம் ரத்தானது. செஸ் மட்டும் மேலும் 20 வருஷம் ஓடியது. ஆண்டுக்கு 50 கோடிக்குக் குறைவாக வரும் 13 செஸ்களை நீக்குவதாக 2016 பட்ஜெட் அறிவித்த பிறகுதான் இதுவும் ஒழிந்தது.

இப்போது உப்புக்கு ஜிஎஸ்டி பூஜ்யம். நல்லதுதானே? முழுசா இல்லை. விற்கிற பொருளுக்கு வரிவிலக்கு இருந்தால், வாங்கிய பொருளுக்குக் கட்டிய வரியைத் திரும்ப எடுக்க முடியாது. மோட்டார், குழாய், சாக்கு என்று உப்பளக்காரர் வாங்குவதற்கெல்லாம் கட்டிய ஜிஎஸ்டி அவர் தலையிலேயே நிற்கும். ரசீதில் பூஜ்யம், அடக்க விலையில் வரி.

அதனால் ஒரு வரியைப் பற்றிப் பேசும்போது எத்தனை சதவீதம் என்பதோடு நிறுத்தாமல், வசூலிக்க என்ன செலவு, கடைசியில் அது யார் தலையில் விழுது என்பதையும் கேட்கணும்.