துப்பாக்கி இல்லாத போஸ்டர்



ஆகஸ்ட் 6 ஹிரோஷிமா நாள் ஓவியப் போட்டிக்கு நான் ஒரு படம் வரைந்தேன். சார்ட் முழுக்க பெரிய டாங்கி, பின்னால் நெருப்பு, மேலே விமானம். கீழே சிவப்பு ஸ்கெட்ச்சில் ‘போர் வேண்டாம்’. வீட்டில் தம்பி பார்த்துட்டு, “அண்ணே, டாங்கி சூப்பரா இருக்கு, எனக்கும் ஒண்ணு வரைஞ்சு குடு”ன்னான். எனக்கு ஒரே பெருமை. மறுநாள் டிராயிங் சார் பார்த்தார். “ஏப்பா, இதப் பாத்தா சண்டை வேண்டாம்னு தோணுதா, சண்டைக்குப் போகணும்னு தோணுதா?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அப்புறம் அவர் ஒரு பழைய புத்தகத்தில் காட்டிய படங்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நம்ம ஊரில் சித்திரைத் திருவிழா வந்தால் சுவரெல்லாம் போஸ்டர்தான். யாரும் நின்று படிப்பதில்லை. நாலு எட்டு வைப்பதற்குள் விஷயம் மனசில் விழ வேண்டும். 1914-இல் முதல் உலகப்போர் தொடங்கியதும் அரசாங்கங்கள் இதை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டன. இங்கிலாந்தில் போர் அமைச்சர் கிச்சனர் விரலை நீட்டி நம்மையே கூப்பிடுவது போல ஒரு படம் வந்தது. அந்தப் போருக்காக 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் கடல் கடந்து போனார்கள்.

ஜெர்மனியில் பீட்டர் என்ற 18 வயதுப் பையனும் படையில் சேரத் துடித்தான். வயது பத்தாததால் அப்பா சம்மதம் வேண்டும். அப்பா மாட்டேன் என்றார். அம்மாதான் பேசிச் சம்மதிக்க வைத்தார். 1914 அக்டோபரில் பெல்ஜியத்தில் அவன் செத்துப்போனான். அந்த அம்மா பெயர் கேத்தே கோல்விட்ஸ். அவர் ஓர் ஓவியர்.

பத்து வருஷம் கழித்து, 1924-இல், லைப்சிக் நகரில் நடந்த இளைஞர் கூட்டத்துக்கு அவர் ஒரு போஸ்டர் போட்டுக் கொடுத்தார். ‘இனி ஒருபோதும் போர் வேண்டாம்’ என்பது அதன் வாசகம். படத்தில் ஒரே ஒரு ஆள். ஒரு கை நெஞ்சில், ஒரு கை வானத்தை நோக்கி, வாய் திறந்து கத்துகிறான். துப்பாக்கி இல்லை, ரத்தம் இல்லை, கலர்கூட இல்லை!

இது கல்லச்சு முறை. வழவழப்பான சுண்ணாம்புக் கல்லில் எண்ணெய்ப் பசை உள்ள கட்டியால் வரைவார்கள். கல்லை ஈரமாக்கி மை உருட்டினால் கோட்டில் மட்டும் மை ஒட்டும், ஈரத்தில் ஒட்டாது. எண்ணெயும் தண்ணியும் சேராது இல்லையா, அதுதான் சூட்சுமம். நேராகக் கல்லிலேயே எழுதுவதென்றால் எழுத்தை கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பிப் போடணும். (நான் என் பெயரை அப்படி எழுதிப் பார்த்தேன், மூன்று தடவை தப்பாச்சு.) சிவகாசி ஆப்செட்டும் இதே தத்துவம்தான், கல்லுக்குப் பதில் தகடு.

அவருடைய கடைசிக் கல்லச்சுப் படம் 1942-இல் வந்தது. ஒரு தாய் மூன்று பையன்களைத் தன் கைக்குள் அமுக்கிப் பிடித்திருக்கிறாள். அவர்களோ வெளியே ஓடத் துடிக்கிறார்கள். படத்தின் பெயர் ‘விதைத் தானியத்தை அரைக்கக் கூடாது’. எவ்வளவு கஷ்டம் வந்தாலும் விதைநெல்லில் கைவைக்காதவர்கள் நம்ம விவசாயிகள். அதனால் இந்தப் பெயரை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அதே 1942-இல் அவருடைய பேரனும் போரில் இறந்தான். அவன் பெயரும் பீட்டர்தான்.

நம் நாட்டிலும் ஒருவர் இருந்தார், சித்தபிரசாத். 1942-இல் பர்மா ஜப்பானிடம் விழுந்ததும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. ஜப்பான்காரன் வந்துவிடுவான் என்று வங்காளத்துக் கடலோரத்தில் அரிசியையும் படகுகளையும் பிரிட்டிஷ் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. 1943-இல் பஞ்சம். சுமார் 30 லட்சம் பேர் இறந்தார்கள். சித்தபிரசாத் மிதுனாப்பூர் பக்கம் ஊர் ஊராகப் போய், எலும்பும் தோலுமான ஜனங்களை மையில் வரைந்து புத்தகமாகப் போட்டார். அரசாங்கம் 5000 பிரதிகளைப் பறிமுதல் செய்து அழித்தது. வெறும் கோட்டுப் படத்துக்கு அவ்வளவு பயம்!

நான் சார்ட்டைத் திருப்பிப் போட்டு, பென்சிலில் மட்டும் வேறு படம் வரைந்தேன். ஒரு அம்மா, சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறார். பரிசு கிடைக்கவில்லை. தம்பி மட்டும் ரொம்ப நேரம் பார்த்துட்டு, “அண்ணே, இந்த அம்மா யாருக்காக உக்காந்திருக்கு?”ன்னு கேட்டான்.