இரண்டு மில்லிமீட்டர் தகடு

பத்தில் ஒரு பங்கு அளவிலான பந்தய ரிமோட் காரின் எடை ஏறக்குறைய 1.3 கிலோ. நீளம், அகலம், உயரம் மூன்றையும் பத்து மடங்காக்கினால் கன அளவு ஆயிரம் மடங்காகும், எடை 1300 கிலோவுக்குப் போகும். சாலையில் ஓடும் நடுத்தரக் கார் ஒன்றின் எடைதான் அது. கணக்கு இவ்வளவு பொருந்திவருவதால், சின்னதும் பெரியதைப் போலவே ஓடும் என்று நினைக்கத் தோன்றும். ஓடுவதில்லை.

5 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பும் எந்த வண்டியும் புவியீர்ப்பைப் போல இரண்டு மடங்கு பக்கவாட்டு விசையைச் சமாளித்தாக வேண்டும். சாலைக் காரின் டயர் ஒரு மடங்கைத் தாங்கினாலே பெரிது. அதற்கு மேல் வழுக்கிவிடும். கம்பளம் விரித்த பந்தயத் தளத்தில் ஒட்டும் ரப்பர் டயரோடு ஓடும் ரிமோட் கார் அந்த இரண்டு மடங்கிலும் வழுக்காது. ஆபத்தே அதில்தான்: வழுக்காத வண்டி கவிழும்.

எப்போது கவிழும் என்பதை இரண்டு எண்கள் சொல்லிவிடும். இடது, வலது சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தில் பாதியை ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுத்தால் போதும். பாதி அகலம் 80 மில்லிமீட்டர், உயரம் 40 என்றால் விடை 2, அதாவது பக்கவாட்டு விசை புவியீர்ப்பின் இரண்டு மடங்கைத் தாண்டினால் கவிழும். உயரத்தை 32 ஆக்கினால் 2.5. வெறும் 8 மில்லிமீட்டர் வித்தியாசம். வளைவில் வண்டி நிற்பதும் உருள்வதும் அதற்குள் அடங்கிவிடுகிறது. சேஸியை, அதாவது காரின் அடிச்சட்டத்தை, மாற்ற ஆசைப்படுகிறவர்கள் துரத்துவது இந்த எட்டைத்தான்.

ஜப்பானின் ஷிசுவோகாவைச் சேர்ந்த தமியா நிறுவனம் 1976-இல் போர்ஷே 934 மாதிரியோடு ரிமோட் கார் உலகத்துக்குள் வந்தது. இன்று பலருடைய முதல் கார் அதன் டிடி-02. அதன் சேஸி, சுவர் எழுப்பிய பிளாஸ்டிக் தொட்டி. அதைக் கழற்றிவிட்டு, வேறு நிறுவனங்கள் செய்யும் கார்பன் ஃபைபர் தகட்டைப் பொருத்துவதுண்டு. காரில் மிகக் கனமான பொருள் பேட்டரி. 300 கிராம், அதாவது மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். அதை 5 மில்லிமீட்டர் கீழே இறக்கினால் ஈர்ப்பு மையம் ஒரு மில்லிமீட்டர்தான் இறங்கும். அப்படி ஒவ்வொன்றாகத் திரட்ட வேண்டும்.

தகடு மாறினாலே விறைப்பு வந்துவிடும் என்பது பாதி உண்மை. ஏபிஎஸ் பிளாஸ்டிக்கைவிட அலுமினியம் ஏறக்குறைய முப்பது மடங்கு விறைப்பு. நல்ல கார்பன் தகடு அலுமினியத்துக்கு அருகில் வரும், எடையிலோ அதைவிட மிகக் குறைவு. ஆனால் பொருளைவிட வடிவம் பலசாலி. தகட்டின் வளையா விறைப்பு தடிமனின் மூன்றாம் அடுக்கில் ஏறும்: 2 மில்லிமீட்டரை 2.5 ஆக்கினால் விறைப்பு ஏறக்குறைய இரட்டிப்பு. முறுக்கலுக்கோ மூடிய பெட்டி வேண்டும். தீப்பெட்டியின் உள்தட்டை மட்டும் எடுத்துத் திருகிப் பாருங்கள், சுலபமாகக் கோணிக்கொள்ளும். உறைக்குள் செருகியபின் திருகினால் மறுக்கும். பந்தயக் காரில் கீழ்த்தகட்டுக்கு மேலே இன்னொரு தகடு ஓடுவது இதற்காகத்தான்.

விறைப்பு எதற்கு? சேஸியே ஒரு ஸ்பிரிங். பெட்டியில் யாரும் குறிப்பிடாத ஐந்தாவது ஸ்பிரிங். முன்பக்க ஸ்பிரிங்கைக் கடினமாக்கினால் வளைவில் முன்சக்கரங்களின் பிடி மாற வேண்டும். நடுவில் சேஸி முறுக்கிக்கொண்டால் அந்த மாற்றத்தில் ஒரு பகுதியை அதுவே விழுங்கிவிடும். ஸ்பிரிங் மாற்றியும் வண்டியில் வித்தியாசமே தெரியவில்லை என்று சொல்கிறவர் முதலில் சேஸியைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

பொருத்தும்போது இரண்டு எச்சரிக்கைகள். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். வெட்டுவிளிம்பில் வயரின் உறை தேய்ந்தால் பேட்டரி ஷார்ட் ஆகலாம். விளிம்பை ஈரம் வைத்துத் தேய்த்து, சூப்பர் க்ளூ பூசி அடைப்பார்கள். ஈரமில்லாமல் தேய்த்தால் எழும் தூசி நுரையீரலுக்கு ஆகாது. இரண்டாவது, மேல்தகட்டின் திருகாணிகளைக் கண்டபடி இறுக்கினால் சேஸி கோணலாகவே பூட்டிக்கொள்ளும். இடது வளைவில் ஒரு வண்டி, வலது வளைவில் வேறொரு வண்டி. எல்லாத் திருகாணியையும் தளர்த்தி, தட்டையான கண்ணாடிமேல் காரை வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றி இறுக்குவதே வழி.

வேடிக்கை இதற்குப் பிறகுதான். இலேசான கார்பனுக்காக இவ்வளவு பாடுபட்ட பந்தயக்காரர்களில் பலர், கம்பளத் தளத்துக்கு அதைவிடக் கனமான அலுமினியத் தகட்டுக்கு மாறினார்கள். போட்டி விதியில் குறைந்தபட்ச எடை உண்டு. மேலே மிச்சப்படுத்திய கிராம்களை எங்காவது சேர்த்தாக வேண்டும். சேர்ப்பதைத் தரைக்கு ஐந்தாறு மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கும் தகட்டிலேயே சேர்த்தால் ஈர்ப்பு மையம் இன்னும் இறங்கும். பிடி குறைந்த தளத்திலோ விறைப்பே பகையாகிறது. சேஸி சற்றே நெளிந்துகொடுத்தால்தான் டயர் தரையை விடாது. அங்கே மேல்தகட்டின் திருகாணி ஒன்றிரண்டைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்க்கிறார்கள்.