31 வயதில் 43 வயது சிவாஜிக்கு மாமியார்: சுகுமாரியின் 60 ஆண்டு சினிமா வாழ்க்கை சொல்வது என்ன?

1972-ல் வெளியான ‘பட்டிக்காடா பட்டணமா’ படத்தை டிவியில் ஒரு தடவையாவது பார்த்திருப்பீங்க. கிராமத்து சிவாஜி, நாகரிக வாழ்க்கையில் ஊறிய ஜெயலலிதா, மருமகனைக் கண்டாலே ஆகாத பணக்கார மாமியார். அந்த மாமியாராக வந்தவர் சுகுமாரி. படம் வெளியானபோது அவருக்கு வயது 31. மகளாக நடித்த ஜெயலலிதாவுக்கு 24. மருமகன் சிவாஜிக்கு 43.

அதாவது, மாமியாரைவிட மருமகன் 12 வயது மூத்தவர்! ஆனா படம் பார்க்கும்போது இது யாருக்கும் உறுத்துவதே இல்லை. அந்த அளவுக்கு நடிப்பு கச்சிதம். அதே நேரம், அந்தக் கால சினிமா பெண்களை எப்படி வேலை வாங்கியது என்பதும் இந்த மூன்று எண்களுக்குள் அடங்கியிருக்கிறது.

யார் இந்த சுகுமாரி?

1940 அக்டோபர் 6-ம் தேதி நாகர்கோவிலில் பிறந்தவர். அன்றைக்கு நாகர்கோவில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. கன்னியாகுமரி மாவட்டமாகி தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1-ல்தான். அதனால் அவரைத் தமிழ் நடிகை என்பதா, மலையாள நடிகை என்பதா என்ற கேள்விக்கு அர்த்தமே இல்லை. இரண்டு மொழியும் புழங்கிய மண்ணிலிருந்து வந்தவர் அவர்.

திருவனந்தபுரம் பூஜப்புரையில் ஆரம்பப் பள்ளி, பிறகு சென்னை. ‘திருவாங்கூர் சகோதரிகள்’ என்று நாடே கொண்டாடிய லலிதா, பத்மினி, ராகினி மூவரும் இவருக்கு அக்கா முறை. பத்மினியைப் பார்க்க ஸ்டூடியோவுக்குப் போன இடத்தில், பத்து வயதுச் சிறுமிக்கு வாய்ப்பு வந்தது. அறிஞர் அண்ணாவின் கதையில் ஏவி.எம். தயாரித்த ‘ஓர் இரவு’ (1951) அவருடைய முதல் படம்.

ஒரே குடும்பம்தான், ஆனால் பாதைகள் வேறு. பத்மினி முன்னணிக் கதாநாயகி ஆனார். 1961-ல் திருமணம். அதன் பிறகும் ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) போன்ற பெரிய படங்கள் வந்தன. பின்னர் அமெரிக்கா போய், 1977-ல் நியூஜெர்சியில் நாட்டியப் பள்ளி தொடங்கினார். தங்கை சுகுமாரியோ அம்மா, மாமியார், அத்தை, சமையல்காரி, பாட்டி என்று 2013-ல் இறக்கும் வரை கேமரா முன்னாடியே இருந்தார்.

துணை நடிகையா, குணச்சித்திர நடிகையா?

இங்கே ஒரு சொல் குழப்பம் இருக்கு. ‘துணை நடிகை’ என்ற வார்த்தையை இன்று செய்தித் தலைப்புகளில் எந்த அர்த்தத்தில் பார்க்கிறோம்? கூட்டத்தில் நிற்பவர், கதாநாயகிக்குப் பின்னால் ஆடுபவர், அதாவது ஜூனியர் ஆர்ட்டிஸ்ட். அவர்களுக்குத் தினக்கூலி. பெரும்பாலும் டைட்டிலில் பெயரே வராது.

பெயருள்ள பாத்திரம், வசனம், கதையில் ஒரு வேலை என்று இருப்பவர் குணச்சித்திர நடிகர். கதாநாயகன் மனம் மாறுவது, கதாநாயகி வீட்டைவிட்டு வெளியேறுவது, ஒரு ரகசியம் உடைவது எல்லாமே இவர்கள் பேசும் காட்சியில்தான் நடக்கும். விருதுப் பட்டியலில் ‘சிறந்த துணை நடிகை’ என்று எழுதும்போது குறிப்பது இவர்களைத்தான். ஒரே சொல் இரண்டு வேறு தொழில்களுக்கும் ஓடுகிறது. அதனாலேயே இரண்டுக்கும் உரிய மதிப்பு கிடைக்காமல் போகிறது.

2,500 படங்கள்: இது சாத்தியமா?

சுகுமாரி நடித்தது 2,500 படங்களுக்கு மேல் என்று அவர் இறந்தபோது செய்திகள் எழுதின. சும்மா கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1951 முதல் 2013 வரை 62 ஆண்டுகள். சராசரியாக வருடத்துக்கு 40 படம். தலை சுத்துதா?

ஒரு படத்தைச் சுமக்கும் கதாநாயகிக்கு இது நடக்காத காரியம். ஆனால் குணச்சித்திர நடிகைக்கு ஒரு படத்தில் சில நாள் வேலைதான். கூடவே இன்னொரு காரணம், ஊர். 1950, 60களில் தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் என நான்கு மொழிப் படங்களும் பெரும்பகுதி சென்னையில்தான் எடுக்கப்பட்டன. ஆலப்புழையில் உதயா, திருவனந்தபுரத்தில் மெரிலேண்ட் என்று கேரளத்தில் ஸ்டூடியோக்கள் வந்த பிறகும், பல மலையாளப் படங்களுக்கு கோடம்பாக்கம்தான் பணியிடம். வடபழனியில் ஏவி.எம்., பக்கத்திலேயே விஜயா வாகினி. காலையில் ஒரு மொழி, மதியத்துக்கு மேல் இன்னொரு மொழி என்று கால்ஷீட் கொடுக்க முடிந்தது. மொழி தெரிந்து, வசனத்தைச் சட்டென்று பிடித்துக்கொள்பவருக்கு வேலை வந்துகொண்டே இருக்கும்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. கதாநாயகனோடு சேர்ந்து வரும் ‘காம்பினேஷன்’ காட்சிகளுக்கு அவர் தேதிதான் தேதி. அவர் வரவில்லை என்றால் மேக்கப்போடு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஆக, நிறைய படம் என்றால் நிறைய காத்திருப்பு என்றும் அர்த்தம்.

சினிமா போதாது என்று மேடையும் இருந்தது. சோ ராமசாமியின் விவேகா ஃபைன் ஆர்ட்ஸ் நாடகக் குழுவில் பல வருடங்கள் நடித்தார் சுகுமாரி. ‘கட்’ சொல்ல ஆளில்லாத மேடை அது. அவருடைய காமெடி டைமிங் கூர்மையானதில் அந்த அனுபவத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

ஏன் இருபதுகளிலேயே அம்மா?

சுகுமாரி மட்டும் இல்லை. மலையாளத்தில் ‘தொம்மன்டே மக்கள்’ (1965) படத்தில் சத்யனுக்கும் மதுவுக்கும் அம்மாவாக நடித்தபோது கவியூர் பொன்னம்மாவுக்கு வயது சுமார் 20. மகனாக நடித்த சத்யன் 1912-ல் பிறந்தவர்!

தமிழில் பண்டரிபாய். ‘பராசக்தி’யில் (1952) சிவாஜிக்கு ஜோடி. 17 வருடம் கழித்து ‘தெய்வ மகன்’ (1969) படத்தில், மூன்று வேடம் போட்ட அதே சிவாஜியில் ஒருவருக்கு மனைவி, மற்ற இருவருக்கும் அம்மா. அந்தப் பதினேழு வருஷத்தில் கதாநாயகனுக்கு வயது ஏறவில்லை. கதாநாயகிக்கு மட்டும் ஒரு தலைமுறையே ஏறிவிட்டது.

காரணம் எளிது. கதாநாயகன் ஐம்பதைத் தொட்டும் காதலிக்கிறார் என்றால், அவரை இளமையாகக் காட்ட பக்கத்தில் ஒரு அம்மா வேண்டும். நிஜமாகவே எழுபது வயதில் ஒருவரைக் கூட்டிவந்தால், நீள வசனமும் நாள் முழுக்க லைட் சூடும் தாங்குமா என்ற கேள்வி வரும். இளம் நடிகைக்கு நரைமுடி விக் வைத்தால் வேலை முடிந்தது. ஒருமுறை அம்மா ஆகிவிட்டால் மறுபடி கதாநாயகி ஆவது ரொம்பக் கஷ்டம். சீக்கிரமே மூப்படைவதுதான் நீண்ட கால வேலைக்கு அவர்கள் கொடுத்த விலை.

சுகுமாரிக்கு அந்த வேலை தேவையாகவும் இருந்தது. ‘பாசமலர்’, ‘பாவ மன்னிப்பு’ படங்களின் இயக்குநர் ஏ.பீம்சிங்கை 1959-ல் திருமணம் செய்தார். 1978 ஜனவரியில் பீம்சிங் மறைந்தபோது சுகுமாரிக்கு 37 வயதுதான். ஒரு மகன் இருந்தார். அவர் நடிப்பை நிறுத்தவில்லை.

அவருடைய பேர் சொல்லும் வேடங்கள் பலவும் அதற்குப் பிறகு வந்தவைதான். ப்ரியதர்ஷனின் ‘போயிங் போயிங்’ (1985) படத்தில் எல்லோரையும் அதட்டும் சமையல்கார டிக் அம்மாயி. பத்மராஜனின் ‘அரப்பட்ட கெட்டிய கிராமத்தில்’ (1986) படத்தில் பாலியல் தொழில் நடக்கும் வீட்டின் தலைவி. அடூர் கோபாலகிருஷ்ணனின் ‘நிழல்குத்து’ (2002) படத்தில், திருவிதாங்கூர் சமஸ்தானத்துத் தூக்கிலிடும் ஊழியரின் மனைவி. ஒரு கதாநாயகிக்கு இவ்வளவு விதமான பெண்களாக வாழும் வாய்ப்பு அந்தக் காலத்தில் கிடைத்ததா என்றால், சந்தேகம்தான்.

அங்கீகாரம் எப்போது வந்தது?

தேசியத் திரைப்பட விருதுகள் 1954-ல் தொடங்கின. ஆனால் துணை நடிகை என்ற பிரிவு 1984-ம் ஆண்டுப் படங்களுக்குத்தான் முதன்முதலாக வந்தது. ‘பார்ட்டி’ என்ற இந்திப் படத்துக்காக ரோகிணி ஹட்டங்கடி முதல் விருதைப் பெற்றார். அதற்கு முன் முப்பது வருடம் அம்மாவாக, அண்ணியாக, வில்லியாக நடித்த பெண்களுக்கு தேசிய அளவில் தனியாக ஒரு இடமே இல்லை.

அதன் பிறகு ‘புதிய பாதை’ படத்துக்காக மனோரமாவுக்குக் கிடைத்தது. 1950-ல் ‘சசிதரன்’ படத்தில் அம்மாவாக அறிமுகமான ஆறன்முள பொன்னம்மா, 1995-ம் ஆண்டுக்கான விருதை ‘கதாபுருஷன்’ படத்துக்காகப் பெற்றபோது எண்பது வயதைத் தாண்டியிருந்தார். சுகுமாரிக்கு 2003-ல் பத்மஸ்ரீ. 2010-ம் ஆண்டுக்கான தேசிய விருது, ‘நம்ம கிராமம்’ என்ற தமிழ்ப் படத்துக்காக. அது அறிவிக்கப்பட்டபோது அவருக்கு 70 வயது. நடிக்க வந்து 60 ஆண்டுகள்.

2013 பிப்ரவரியில் வீட்டில் பூஜை விளக்கிலிருந்து தீப்பற்றிக் காயமடைந்தவர், மார்ச் 26-ம் தேதி சென்னையில் காலமானார்.

இன்று இதை ஏன் பேச வேண்டும்?

இந்தப் பழைய கணக்கு இன்னும் முடியவில்லை. கேரள அரசு 2017-ல் அமைத்த நீதிபதி ஹேமா கமிட்டியின் அறிக்கை 2024 ஆகஸ்ட்டில் வெளியானது. பாலியல் தொல்லை பற்றிய பகுதிகளைத்தான் எல்லோரும் பேசினோம். அதே அறிக்கையில், படப்பிடிப்புத் தளத்தில் கழிப்பறையும் உடை மாற்ற இடமும் இல்லாதது, ஜூனியர் ஆர்ட்டிஸ்ட்களின் கூலி முழுசாகக் கைக்கு வராதது, எழுத்துபூர்வ ஒப்பந்தம் இல்லாதது எல்லாமே பதிவாகியிருக்கு. பெயர் தெரிந்த நடிகைகளுக்கே ஒப்பந்தம் இல்லாத இடத்தில், பெயர் தெரியாதவர்களின் நிலையைத் தனியா சொல்லத் தேவையில்லை.

ஆபீஸில் வேலை பார்க்கும் நமக்கும் இது புரியாத விஷயம் இல்லை. ப்ராஜெக்ட்டைத் தாங்கிப் பிடிப்பவர் ஒருவர், பிரசன்டேஷனில் பெயர் வருவது இன்னொருவருக்கு. சினிமாவில் அந்தத் தாங்கிப் பிடிப்பவர்கள் ஃப்ரேமுக்குள்ளேயே நிற்கிறார்கள். நம் கண்தான் அவர்களைத் தாண்டிப் போகிறது. அவர்கள் நடித்த படங்களின் எண்ணிக்கைகூட ஆளுக்கொரு விதமாகச் சொல்லப்படுவதற்கு அதுதான் காரணம். அந்தப் பெயர்களை இப்போதாவது எழுதி வைப்பது, அவர்களுக்குச் சேர வேண்டிய பாக்கியில் ஒரு சிறு பகுதி.